காற்று இறங்காத ஸ்டெப்னி

ஒரு காட்டில் தார்ச்சாலை வந்தது. சாலை வந்த பிறகு கார் வந்தது. கார் வந்த பிறகுதான் இந்தக் கதை வந்தது.

அன்று புதன்கிழமை. காரில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பிறகு கணக்கு உதைக்கும். ஓட்டுநர் இருக்கையில் அங்கமுத்து என்ற தேவாங்கு. பக்கத்தில் ஒரு மயில்; அதன் தோகை மட்டும் ஜன்னலுக்கு வெளியே. நடு சீட்டில் ஒரு காட்டுப்பன்றி, ஓர் உடும்பு, ஒரு முள்ளம்பன்றி. மூன்று பேர் தாராளமாக உட்காரும் சீட்தான். ஆனால் முள்ளம்பன்றியை விட்டு விலகி விலகி, உடும்பு காட்டுப்பன்றியின் மடிக்கே போய்விட்டது. பின் சீட்டில் ஒரு புள்ளிமான், மூன்று முயல்கள், செல்போனில் தலையைக் கவிழ்த்தபடி ஒரு கீரி. ஆக, ஓட்டுநரோடு சேர்த்துப் பத்து. பின் சீட்டுக்கும் பின்னால், டிக்கியில், ஒரு ஸ்டெப்னி வட்டமாகக் கிடந்தது. ஸ்டெப்னியை யாரும் ஆள் கணக்கில் சேர்ப்பதில்லை.

அங்கமுத்து வயதான தேவாங்கு. கூச்சம் அதிகம். எதிரே யாராவது வந்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு மரத்துக்குப் பின்னால் போய்விடும். பகல் வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் ஓட்டும். இரண்டு தலையணை மேல் உட்கார்ந்தால்தான் அதற்குச் சாலை தெரியும். கார் இல்லாத காலத்தில் அது நடந்து சந்தைக்குப் போய்ச் சேரும்போது சந்தையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருப்பார்கள். “என்ன, தேவாங்கு மாதிரி வர்றே?” என்று தேவாங்கிடமே கேட்டார்கள். கார் வந்த பிறகு அப்படி யாரும் கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்கள்.

“அண்ணே, வண்டி எவ்வளவு கொடுக்குது?”

“பதினெட்டு.”

லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர். இதைச் சொல்லும்போது மட்டும் அங்கமுத்துவுக்குக் கூச்சம் இருக்காது. யாரும் கேட்காத நாட்களில், “மழை வரும் போலிருக்கே” என்று ஒருவர் சொன்னால் போதும். “மழையிலயும் பதினெட்டு கொடுக்கும்” என்று சொல்லிவிடும். பெட்ரோல் போடும்போது குனிந்து பார்க்கும். டயரைத் தட்டிப் பார்க்கும். ஒவ்வொரு துளிக்கும் அதனிடம் கணக்கு உண்டு.

அந்தப் பதினெட்டு, மழைக்காலம் முடிந்ததும் பதினாறானது. பிறகு பதிமூன்று. அந்தப் புதன்கிழமை பதினொன்று.

இதற்கு நடுவில் சிங்கராஜா ஓர் ஆணை போட்டிருந்தது. லிட்டருக்குப் பதினைந்துக்குக் குறைவாகக் கொடுக்கும் எந்த வண்டியும் காயலான் கடைக்குப் போய்விட வேண்டும். வெள்ளிக்கிழமை நரி அதிகாரி வந்து ஓட்டிப் பார்க்கும். கார் போய்விட்டால் அங்கமுத்து மறுபடியும் நடக்க வேண்டும். மறுபடியும் தேவாங்கு மாதிரி நடக்க வேண்டும்.

“டயர்ல காத்து கம்மியா இருக்கும்” என்றது காட்டுப்பன்றி.

“காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. பெட்ரோல்ல கலப்படம். என் மச்சான் வண்டிக்கும் இதே கதைதான்” என்றது உடும்பு.

“உன் மச்சானுக்கு ஏது வண்டி?”

“வாங்கினா இப்படித்தான் ஆகும்னு சொன்னான்.”

“ஏசியை அணைச்சுப் பாருங்க” என்றது மயில்.

“இதுல ஏசியே கிடையாது, மயிலண்ணே.”

“அப்ப அதுதான் கோளாறு.”

“முதல்ல நீ உன் வாலை உள்ளே இழு. தானா ரெண்டு கிலோமீட்டர் கூடும்” என்றது காட்டுப்பன்றி.

“தோகைன்னு சொல்லு. வண்டிக்கே அதுனாலதான் மரியாதை.”

“எனக்கு உட்கார இடமே பத்தல” என்றது முள்ளம்பன்றி.

“உங்களாலதான் எங்களுக்குப் பத்தல” என்று நடு சீட்டே சேர்ந்து சொன்னது.

சந்தை வந்தது. அதுதான் கடைசி நிறுத்தம். நடுவில் கார் எங்கும் நிற்காது. மயில், காட்டுப்பன்றி, உடும்பு, முள்ளம்பன்றி, புள்ளிமான், கீரி, முயல்கள் இரண்டு. எட்டுப் பேர் இறங்கினார்கள்.

“நாம மூணு பேரா வந்தோம்?” என்றது ஒரு முயல்.

“ரெண்டா இருக்கும். நேத்துதான் நம்ம வீட்ல அஞ்சு பிறந்துச்சு, அந்தக் குழப்பம்” என்றது இன்னொரு முயல். முயல் வீட்டில் எண்ணிக்கை அடிக்கடி மாறும். எண்ணும் பழக்கத்தையே அவை விட்டிருந்தன.

கீரி செல்போனிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டது: “என் பக்கத்துல யாரோ உட்கார்ந்திருந்தாங்களே?”

“முன்னாடியே இறங்கியிருப்பாங்க” என்றது மான்.

“வண்டி எங்கயும் நிக்கலையே?”

“எல்லாருக்கும் ஏதோ அவசரம்.”

அங்கமுத்து இதையெல்லாம் கேட்கவில்லை. அது பெட்ரோல் டேங்கில் குச்சியை விட்டு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று மாலை காரை மெக்கானிக் பிச்சாண்டியிடம் விட்டது. பிச்சாண்டி ஒரு குரங்கு. பானெட்டிலிருந்து வாலால் தொங்கிக்கொண்டு, கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றியது. பிளக்கைத் துடைத்தது. ஏர் ஃபில்டரைத் தட்டியது. கழற்றியதில் பாதியைத் திரும்ப மாட்டியது. மீதியை, “இது இல்லாமலே ஓடும்ணே” என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டது. பிறகு நான்கு டயருக்கும் காற்றுப் பார்த்தது. கடைசியாக டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை ஓங்கி ஓர் அடி அடித்தது.

“அடேயப்பா! என்னா டயருண்ணே இது! பட்டன் கொஞ்சம்கூடத் தேயல. பூப்பூவா அப்படியே இருக்கு. எங்க வாங்கினீங்க?”

“வாங்கல, தம்பி. பழைய ஸ்டெப்னி தொலைஞ்சுபோச்சு. மழை விட்ட அன்னிக்கு டிக்கியைத் திறந்தா, இது கிடந்துச்சு.”

“கொடுத்து வச்சவங்க.”

அப்போது ஸ்டெப்னி மெல்ல ஓர் ஏப்பம் விட்டது.

“காத்து கொஞ்சம் ஜாஸ்தி” என்றது பிச்சாண்டி. “அது ஒண்ணும் பண்ணாது. வண்டியில கோளாறே இல்லண்ணே. வயசாயிடுச்சு, அவ்வளவுதான்.”

“வண்டிக்கா?”

“உங்களுக்கு.”

வியாழக்கிழமை அங்கமுத்து யாரையும் ஏற்றவில்லை. தனியாகக் காரைச் சந்தைக்கு ஓட்டிப்போய்த் திரும்ப ஓட்டிவந்தது. ஆள் இல்லாத கார். அப்போதும் பன்னிரண்டுதான். அங்கமுத்து கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு யோசித்தது. பத்துப் பேர் ஏறினாலும் பதினொன்று, ஒருத்தர் இருந்தாலும் பன்னிரண்டுதான் என்றால், பாரம் ஏறுகிறவர்களிடம் இல்லை. இறங்காத ஏதோ ஒன்றில் இருக்கிறது.

ஒவ்வொரு பொருளாக இறக்கியது. குடையை இறக்கியது. தண்ணீர்க் கேனை இறக்கியது. தலையணை ஒன்றை இறக்கியது. சாலை தெரியாது என்பதால் திரும்ப வைத்தது. கடைசியில் ஸ்டெப்னியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தது. ஸ்டெப்னி அசையவில்லை. ஆனால் கண்ணைத் திறந்தது.

“மெதுவாண்ணே. இப்பதான் சாப்பிட்டேன்” என்றது.

மலைப்பாம்பு.

அங்கமுத்துவின் கண்கள் எப்போதுமே பெரியவை. அதனால் அது பயந்ததா இல்லையா என்று பாம்புக்குத் தெரியவில்லை. பிறகு அங்கமுத்துதான் கேட்டது:

“நீ எத்தனை கிலோ?”

“வந்தப்ப ஒல்லியாத்தான் வந்தேன். இப்ப தெரியலண்ணே. நான் எண்ணுறதில்ல.”

“எண்ணாம எப்படி இருப்பே?” தேவாங்குக்கு முதல் முறையாகக் கோபம் வந்தது. “எங்க வந்து எங்க படுத்திருக்கே?”

“நானா வந்து படுத்தது உண்மைதான். ஆனா ‘அடடா, ஸ்டெப்னி’ன்னு தட்டிக் கொடுத்தது நீங்கதான். இல்லேன்னு சொல்ல மனசு வரல.”

“வண்டியில வந்தவங்களை எல்லாம்...”

“எல்லாரையும் இல்லண்ணே. பின் சீட்டு மட்டும். போன மாசம் ஒரு குள்ளநரி, அதுக்கு முன்னாடி ரெண்டு...”

“பேரெல்லாம் வேண்டாம். எடையை மட்டும் சொல்லு.”

பாம்பு தோராயமாகச் சொன்னது. அங்கமுத்து விரலை மடக்கிக் கூட்டிப் பார்த்தது. பதினெட்டு எங்கே போனது என்று சரியாக விளங்கியது. நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. இஞ்சினில் குறை இல்லை.

“பாரு, ஏறினவங்க சந்தை வந்ததும் இறங்கணும். நீ அவங்களை இறங்கவே விடாம திரும்பத் திரும்பக் கூட்டிக்கிட்டு அலையறே. பாரம் யாருக்கு?”

“அவங்களுக்கு ஒரு சிரமமும் இல்லண்ணே.”

“எனக்குச் சிரமம்!”

காட்டைக் கூட்டிச் சொல்லிவிடலாமா என்று அங்கமுத்து ஒரு கணம் நினைத்தது. மூன்றாவது முயலின் முகம்கூட லேசாக ஞாபகம் வந்தது. ஆனால் காட்டைக் கூட்டினால் நரி வரும். நரி வந்தால் கார் சாட்சிப் பொருளாகும். சாட்சிப் பொருள் வெயிலிலும் மழையிலும் நிற்கும். நிற்கிற கார் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?

“என்னையும் முழுங்கிடுவியா?” என்று கேட்டது.

“அப்புறம் வண்டியை யாருண்ணே ஓட்டுறது?”

இந்தப் பதில் அங்கமுத்துவுக்குப் பிடித்திருந்தது. அதன் உழைப்பை மதித்துப் பேசியவர்கள் குறைவு.

“நீ சாப்பிடுறதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல” என்றது. “வண்டிக்குள்ள சாப்பிடாதே. கண்ணாடியில எழுதி ஒட்டியே வச்சிருக்கேன். சந்தை முனையில புதுசா நிழற்குடை கட்டியிருக்காங்க. காத்தோட்டமான இடம். அங்க போய் இருந்துக்க.”

அன்றே பாம்பைக் கொண்டுபோய் இறக்கிவிட்டது. திரும்பி வரும்போது கார் துள்ளிக்கொண்டு வந்தது. பதினெட்டையே தாண்டியது!

வெள்ளிக்கிழமை. மயில், காட்டுப்பன்றி, உடும்பு, முள்ளம்பன்றி, புள்ளிமான், கீரி, முயல்கள் இரண்டு. எட்டு. நரி அதிகாரி ஒன்று, அங்கமுத்து ஒன்று. மறுபடியும் பத்து. பின் சீட்டில் மூன்றாவது முயலின் இடம் காலியாக இருந்தது. நரி அங்கே உட்கார்ந்தது. அது யாருடைய இடம் என்று நரி கேட்கவில்லை. படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இல்லை.

“அண்ணே, இப்ப எவ்வளவு கொடுக்குது?” என்றது காட்டுப்பன்றி.

“பதினெட்டு” என்றது அங்கமுத்து. தலையணை மேல் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

“நான் சொன்னேன்ல, காத்துதான்.”

“கலப்படம்” என்றது உடும்பு.

சந்தையில் எட்டுப் பேரும் இறங்கினார்கள். நரி கணக்குப் பார்த்தது. “போனது சரி. வர்றதையும் பார்த்துட்டுத்தான் கையெழுத்து.”

மாலையில் சந்தை கலைந்தது. நிழற்குடையில் ‘வரிசையில் வரவும்’ என்று அங்கமுத்துவின் குண்டு குண்டான கையெழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. வரிசைக்காகத் தடிமனான ஒரு கயிறு வளைத்து வளைத்துப் போடப்பட்டிருந்தது.

“கயிறு நல்ல கயிறு” என்றது காட்டுப்பன்றி, தொட்டுப் பார்த்துவிட்டு. “பூப்போட்டது. முன்னேறிட்டோம்.”

“தள்ளாதீங்க, தோகை மடங்குது” என்றது மயில்.

பாம்பு இப்போது யாருடைய மைலேஜுக்கும் இடைஞ்சல் இல்லை. அதனால் கூச்சப்படாமல் சாப்பிட்டது.

கீரி செல்போனிலிருந்து தலையை எடுக்கவே இல்லை. கயிற்றில் சாய்ந்துகொண்டுதான் நின்றது. “வரிசை நல்லா வேகமா நகருது” என்று சொல்லிவிட்டு, செல்போனில் அந்த நிழற்குடைக்கு ஐந்து நட்சத்திரம் போட்டது.

“அடுத்து” என்றது ஒரு குரல்.

“வர்றேன் வர்றேன்” என்றது கீரி.

காரில் நரியும் அங்கமுத்துவும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கமுத்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

கடைசியில் முள்ளம்பன்றி மட்டும் வந்து ஏறியது. “அங்க ஒருத்தர் என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, ‘ஐயா, நீங்க போகலாம்’னுட்டார். இந்தக் காட்டுல முதல் தடவையா எனக்கு மரியாதை கிடைச்சிருக்கு” என்றது.

“மத்தவங்க?” என்றது நரி.

“அங்கேயே தங்கிட்டாங்க போல” என்றது அங்கமுத்து. வண்டியைக் கிளப்பியது.

திரும்பி வரும்போது கார் இருபத்திரண்டு கொடுத்தது. நரி இரண்டு முறை கூட்டிப் பார்த்தது. படிவத்தைப் புரட்டியது.

“பயணிகள் தரப்புல புகார் ஏதாவது?”

“ஒண்ணுமே இல்ல. முள்ளை விரிச்சு, காலை நீட்டி உட்கார்ந்து வந்தேன்” என்றது முள்ளம்பன்றி.

நரி கையெழுத்துப் போட்டது. காட்டிலேயே சிறந்த வண்டி என்று ஒரு சான்றிதழும் கொடுத்தது. அங்கமுத்து அதைக் கண்ணாடியில், ‘உள்ளே சாப்பிடக் கூடாது’ என்பதற்குப் பக்கத்தில் ஒட்டியது.

திங்கட்கிழமை காலை அங்கமுத்து ஹாரன் அடித்தது. மயில் வரவில்லை. காட்டுப்பன்றி வரவில்லை. உடும்பு, மான், கீரி, முயல்கள், யாரும் வரவில்லை. முள்ளம்பன்றி வந்து நடு சீட்டில் பரந்து உட்கார்ந்தது. கார் இறகு போலப் போனது. இருபத்து மூன்று. அங்கமுத்து பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தது. முள்ளம்பன்றி ஒன்றும் கேட்கவில்லை.

“மழை வரும் போலிருக்கே” என்று அங்கமுத்துவே ஆரம்பித்தது.

“வரட்டும்.”

இன்னும் கொஞ்ச தூரம் போனது. அங்கமுத்துவால் தாங்க முடியவில்லை.

“வண்டி இருபத்தி மூணு கொடுக்குது” என்றது.

“யாருக்கு?” என்றது முள்ளம்பன்றி.

நீதி: ஏறியவர் இறங்காவிட்டால் மைலேஜ் குறையும், இறங்கியவர் ஏறாவிட்டால் கூடும். எட்டுப் பேரில் மிச்சம் ஒன்று இருந்தால், அது நல்ல வண்டி.