ஏழு இலுப்பைக்கடவை

கடவுள் உலகத்தைப் படைக்க ஆறு நாள் எடுத்தார். மன்னாரில் இருந்த ஒரு நிவாரண நிறுவனம், ஒரேயொரு எக்செல் தாளை வைத்துக்கொண்டு, ஒரு பிற்பகலுக்குள் ஆறு ஊர்களைப் படைத்தது.

தாளின் பின்னால், கொழும்பில், பெருஞ்செலவில் வாங்கிய 'அறிவுக் களஞ்சியம்' என்ற கணினித் தொகுதி ஒன்று இருந்தது. அதன் உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் தெரிந்த முகம் எக்செல்தான். பொத்தானை அழுத்தினால் யுத்தம் வரைபடமாக வந்து நிற்கும்.

தாளைக் காக்கும் பொறுப்பு அமிர்தநாயகத்திடம் இருந்தது. அவன் பட்டதாரி. மனைவி இறந்து எட்டு மாதம். வீட்டுக்குப் போக அவசரமில்லாதவன் என்பது மேலதிகத் தகைமையாகக் கருதப்பட்டது.

ஊர்கள் பெருகிய விதம் எளிமையானது. இலுப்பைக்கடவையில் அறுபத்து மூன்று குடும்பங்களை ஏழு வெளிக்கள உத்தியோகத்தர்கள் பதிந்தார்கள். ஊரின் பெயரை ஏழு பேரும் ஏழு விதமான ஆங்கிலத்தில் எழுதினார்கள். ஒருவர் ஒரு 'எல்' போட்டார், இன்னொருவர் இரண்டு. மூன்றாமவர் எதற்கும் இருக்கட்டுமென்று மூன்று போட்டார். எக்செல் யாரையும் பிழையென்று சொல்லி மனம் நோகடிக்கவில்லை. ஏழு ஊர், ஊருக்கு ஒன்பது குடும்பம் என்று காட்டியது. 'சேவை விரிவாக்கம் அறுநூறு வீதம்' என்று கொழும்பு இயக்குநர் சிங்கராசா அறிவித்தார்.

இருபத்தைந்து குடும்பத்துக்குக் குறைந்த ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பவுசர் வண்டி இல்லை என்பது விதி. ஆகவே ஏழு ஊருக்கும் நேரே தாள் 'தேவையில்லை' என்று எழுதிக்கொண்டது.

ஒருநாள் சிவபாக்கியம் மூன்று சோதனைச்சாவடி கடந்து நிறுவனத்தின் கந்தோருக்கு வந்தாள். மலையகத்திலிருந்து வந்து இலுப்பைக்கடவையில் குடியேறியவள்.

"தம்பி, கிணத்துத் தண்ணி கெட்டுப் போச்சுங்க. நம்ம புள்ளைங்க மூணுக்கும் வயித்தால போவுது."

"உங்களுக்குத் தண்ணி தேவையில்லையெண்டு வருது, அம்மா."

"யாரு சொன்னா?"

"எக்செல்."

"அவரு நம்ம ஊருக்கு வந்திருக்காருங்களா?"

அமிர்தநாயகம் கால் மணித்தியாலத்தில் எழுத்துகளைத் திருத்தினான். ஒரே ஊர், அறுபத்து மூன்று குடும்பம், 'தேவை'. உடனே கொழும்பிலிருந்து தொலைபேசி அடித்தது.

"ஐசே, ஆறு ஊரைக் காணேல்லை!"

"அந்த ஊருகள் இருந்ததே இல்லை, சேர். எழுத்துப்பிழை."

"இருந்தது, ஐசே. போன மாதம் தூதரகத்தில காட்டினனான். கை தட்டினவை. என்ன, ஷெல் அடிச்சதோ? இடம்பெயர்ந்திட்டினமோ? அதுக்கு வேற படிவம் இருக்கு."

"ஆக்கள் இருக்கினம், சேர். தண்ணிதான் இல்லை."

"தண்ணியைப் பிறகு பாப்பம். பின்னேரத்துக்குள்ள ஆறு ஊரையும் கண்டுபிடிச்சுப் போடும்."

அமிர்தநாயகம் ஆறையும் கண்டுபிடித்துப் போட்டான். கூடவே எட்டாவது விதமாகப் பெயரை எழுதி, அதில் அறுபத்து மூன்று குடும்பத்தையும் ஒன்றாகக் குடியேற்றினான்.

"புது ஊரோ? கெட்டிக்காரன், ஐசே!" என்றார் சிங்கராசா. பவுசருக்கு அன்றே அனுமதி கிடைத்தது.

பவுசர் சாரதி செபமாலை மறுநாள் மத்தியானமே சோதனைச்சாவடியிலிருந்து திரும்பி வந்தார்.

"தம்பி, பாஸில இருக்கிற ஊர் ஆமிக்காரங்கட மப்பில இல்லையாம். அப்ப தண்ணிக்குள்ள என்னத்தை ஒளிச்சுக் கொண்டுபோறாய் எண்டு கேட்டாங்கள். முழுக்கத் திறந்து றோட்டில விட்டுத்தான் பாத்தாங்கள்."

"என்ன இருந்தது, அண்ணை?"

"தண்ணிதான்."

அந்த ஏழு பேரின் ஆங்கிலத்தையும் படித்தவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். எழுத்துப்பிழை பார்த்து மறித்த ஒரே ஆள், சாவடியில் துவக்கோடு நின்ற சிப்பாய்தான்.

தாள் கலங்கவில்லை. அதில் 'புறப்பட்டது' என்றொரு நிரல் இருந்தது, 'போய்ச் சேர்ந்தது' என்றொன்று இல்லை. பவுசர் புறப்பட்டது உண்மை. கட்டம் பச்சையானது. பாராட்டுக் கடிதமும் வந்தது.

பதினொரு நாள் கழித்துச் சிவபாக்கியம் திரும்பவும் வந்தாள்.

"தண்ணி வரலீங்களே, தம்பி."

அமிர்தநாயகம் கணினியைப் பார்த்தபடி சொன்னான்: "ஷீட்டில குடுத்தாச்சு, அம்மா."

"அப்ப அந்த ஷீட்டத் தாங்க. புழிஞ்சு எடுத்துட்டுப் போறேன்." அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "கொஞ்சமா இருந்தாலும் பரவால்லீங்க. இப்ப புள்ளைங்க ரெண்டு பேருதான்."