கிழியாத தாள் தேர்வு செய்யப்பட்ட வரலாறு

மதியச் சாப்பாட்டை எதில் சுற்றி எடுத்துப் போவது என்பதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அலுவலகத்தில் வேலை பார்த்திருக்க மாட்டார்கள்.

சேலத்திலிருந்து ராசிபுரம் போகும் வழியில் ஓர் அலுவலக வளாகம் இருக்கிறது. பெயர் வேண்டாம். உள்ளே பதினொரு துறைகள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சமையல்கூடம். அதை ஒப்பந்தத்தில் எடுத்து நடத்துபவர் மெஹர்பானு. அவருடன் குப்பாயி முதலாக ஆறு பெண்கள். புளிசாதம், எலுமிச்சை சாதம், செவ்வாயும் வெள்ளியும் முட்டை பிரியாணி. தினமும் முந்நூறு பொட்டலம், எல்லாம் சில்வர் பேப்பரில்.

ஒரு நாள் ஆய்வுக் கூட்டம் நடந்தது. இணை இயக்குநரின் மேசையில் ஒரு புளிசாதப் பொட்டலம் காத்திருந்தது. புளிக்கு அலுமினியத்தை அரிக்கும் குணம் உண்டு. அவகாசம் கொடுத்தால் ஓட்டை போட்டுவிடும். கூட்டம் தேவையான அவகாசத்தைக் கொடுத்தது. எண்ணெய் மெல்ல இறங்கி, பதினான்கு ஆண்டுகளாக நிலுவையில் இருந்த ஒரு கோப்பில் பரவியது. அந்தக் கோப்பின்மேல் நடந்த முதல் நடவடிக்கை அதுதான்.

மறுநாள் மெஹர்பானுவுக்குக் குறிப்பாணை வந்தது. பொட்டலத் தாளின் வலுவின்மை குறித்து முதல் புகார் பதிவு செய்யப்பட்டிருப்பதாகவும், மூன்றாம் புகாரோடு ஒப்பந்தம் தானாகவே ரத்தாகும் என்றும் அதில் கண்டிருந்தது. இந்த அடுப்புக்கு வருவதற்கு முன் அவர் இன்னொருவர் பிரியாணிக் கடையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர். திரும்ப அங்கே போக அவருக்கு விருப்பமில்லை. மற்ற ஆறு பேருக்கும் திரும்பிப் போக அப்படி ஓர் இடம்கூட இல்லை.

சரியான தாளைத் தேர்வு செய்ய ஒரு குழு அமைக்கப்பட்டது. தலைவர் அன்பழகன். கைத்தறித் துறையில் வெண்ணந்தூர் நூல் கிடங்கைப் பல ஆண்டுகள் கவனித்துவிட்டு, சிற்றுண்டியகக் கண்காணிப்புக்கு மாறுதலாகி வந்தவர். நேர்மையானவர். சமையல்கூடத்தில் ஒரு வாய் டீகூடக் குடிக்க மாட்டார். குடித்திருந்தால் பேசிப் புரியவைத்திருக்கலாம் என்று குப்பாயி பிற்பாடு சொன்னாள்.

குழுவின் முதல் கூட்டம் பெயர் விஷயத்தில் முடிந்தது. மெஹர்பானு சில்வர் பேப்பர் என்றார். அது சில்வரும் அல்ல, பேப்பரும் அல்ல, இரண்டு பொய்யைச் சேர்த்தால் ஒரு உண்மை ஆகாது என்று தலைவர் விளக்கினார். ‘அலுமினிய மென்தாள்’ என்று தீர்மானமாயிற்று. உடனே ஓர் உறுப்பினர், வலுவான தாள் தேடும் குழு மென்தாள் என்று எழுதலாமா எனக் கேட்க, ‘மென்மையற்ற அலுமினிய மென்தாள்’ என்று திருத்தப்பட்டது.

இரண்டாம் கூட்டத்துக்குச் சேலம் கடைவீதியில் பொட்டலச் சாமான் விற்கும் ஷாஹுல் மாதிரிகளோடு வந்தார். இதுவரை போய்க்கொண்டிருந்தது பதினொரு மைக்ரான், வீட்டு உபயோகத்துக்கு அது போதும், பெரிய சமையலுக்குப் பதினெட்டு எடுங்கள் என்றார். புளி சாதத்துக்கு எதுவாக இருந்தாலும் சீக்கிரம் சாப்பிட்டுவிடுவது நல்லது என்றும் சொன்னார். அலுவலகத்தில் எதையும் சீக்கிரம் செய்ய விதியில்லை என்பதால் பின்பகுதி குறிப்பில் ஏறவில்லை.

அன்பழகன் ரோலின்மேல் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்துச் சிரித்தார்.

“ஏன் பாய், கனமான தாள் கேட்டா பதினெட்டைக் காட்டறீங்க?”

“பதினெட்டுதான் சார் கனம்.”

“நான் நூல்லயே கிடந்தவன். நாப்பதாம் நம்பர் நூல் தடிமனா, நூறாம் நம்பர் தடிமனா?”

“நாப்பதுங்க.”

“அப்புறம்?”

“அது நூலுங்க சார். இது மைக்ரான், தடிமனோட அளவு. கையில தொட்டுப் பாருங்களேன்.”

“தொட்டுப் பாக்கறது தனிநபர் கருத்து பாய். நம்பர்தான் அரசாங்கக் கருத்து.”

தவிர, உணவு படும் தாளை வெறுங்கையால் தொடக் கூடாது என்று சுற்றறிக்கை இருந்தது. கையுறை போட்டுத் தொட்டார்கள். கையுறையின் கனம் நன்றாகத் தெரிந்தது.

ஆனாலும் அன்பழகன் தம் அறிவை மட்டும் நம்பி முடிவெடுப்பவர் அல்ல. நிபுணர் கருத்துப் பெறப்பட்டது. மாதிரியைக் காட்டினால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதால் தாளைக் காட்டாமல் கேள்வியை மட்டும் கேட்டார்கள். வெண்ணந்தூர் நெசவாளர் மாதையன், நம்பர் குறைந்தால் கனம் கூடுங்க சாமி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் வீரன், பதினாறு கேஜ் தகடு கனம், இருபத்திரண்டு மெலிசு, இதைக் கேட்கவா ஜீப் போட்டுக்கொண்டு வந்தீங்க என்றார். மின்கம்பி இழுப்பவர் ஒருவரும் கம்பிக்கும் அதே கணக்குதான் என்றார். மூவர் சொன்னதும் உண்மை. மாறாகச் சொன்னவர் ஷாஹுல் ஒருவர்தான். அவர் தாள் விற்பவர். தாளைப் பற்றித் தாள் விற்பவர் சொல்வது சுயநலம் சார்ந்ததாக இருக்கக்கூடும் என்று அவர் கருத்து நிராகரிக்கப்பட்டது.

ஒன்பது மைக்ரான் வாங்கப்பட்டது.

ஒன்பது, மடிக்கும்போதே பிய்ந்தது. குப்பாயி ஒரு வழி கண்டுபிடித்தாள். பனமரத்துப்பட்டிப் பக்கமிருந்து வாழையிலை வரவழைத்து, சாதத்தை இலையில் கட்டி, அதன்மேல் தாளைச் சும்மா போர்த்திவிட்டாள். சோதனைக்கு வந்த அன்பழகன் இலை எதற்கு என்றார். சில்வர் பேப்பர் கெடாமல் இருக்க அடியில் போடுவது என்றார் மெஹர்பானு. அரசு தேர்வு செய்த பொருளை ஒரு ஒப்பந்ததாரர் இவ்வளவு அக்கறையாகப் பாதுகாப்பது கண்டு அவர் மனம் நெகிழ்ந்துபோனார்.

அப்படியும் இரண்டாம் புகார் வந்தது. தாள் துணுக்கொன்று பிரியாணிக்குள் விழுந்து, கண்காணிப்பாளர் ஒருவரின் உலோகப் பல்லில் பட்டுவிட்டது. ஷாக் அடித்தது என்றார். அந்த அறையில் அன்று மின்சாரம் இல்லை என்பதால் விசாரணை சிறிது நீண்டது. முடிவில், ஒன்பதும் வலுவற்றது என்றும், எண்ணை மேலும் குறைக்க வேண்டும் என்றும் குழு பரிந்துரைத்தது.

ஷாஹுல் எங்கெங்கோ தேடி ஆறு மைக்ரான் கொண்டுவந்தார். அதைக் கத்தரிக்க முடியவில்லை. கத்தரியோடு கூடவே வந்தது. மின்விசிறி ஓடினால் பறந்தது. ஆகவே சித்திரை வெயிலில் சமையல்கூட விசிறிகளை நிறுத்த ஆணை பிறந்தது. ஏழு பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பொட்டலம் கட்டினார்கள். குப்பாயி தும்மினால் பத்துப் பொட்டலம் அம்மணமாயின.

“இன்னும் ஒரு புகார்தான் அக்கா பாக்கி,” என்று ஷாஹுல் மெதுவாகச் சொன்னார்.

“தெரியும் தம்பி. தாளை மாத்த வேணாம், தலைவரை மாத்த முடியுமான்னு பாரு.”

தலைவரை மாற்ற வேறு குழு வேண்டும். ஆகவே இருவரும் அன்பழகன் அறைக்குப் போனார்கள். அங்கே மேசைமேல் ஒரு வரைபடம் இருந்தது. பதினொன்றில் ஓட்டை, ஒன்பதில் கிழிசல், ஆறில் பறத்தல். எண் குறையக் குறைய வலு கூடவேண்டியிருக்க, கூடாததற்குக் காரணம் இன்னும் போதுமான அளவு குறைக்காததே என்று அதன் கீழ் எழுதி, இணை இயக்குநரின் ஒப்புதலும் வாங்கியாகிவிட்டது.

“நாலு இருக்கா பாய்?”

“இல்லீங்க.”

“ரெண்டு?”

“எனக்குத் தெரிஞ்சு அதையெல்லாம் யாரும் உருட்டறதில்லைங்க சார்.” ஷாஹுல் அதுவரை பொறுமையாக இருந்தவர். “நீங்க கேக்கறதைப் பாத்தா சைபர்தான் சார் உங்களுக்குச் சரிப்படும்.”

அன்பழகன் பேனாவைத் திறந்தார். “சைபர் இருக்கா?”

ஷாஹுல் வாயைத் திறப்பதற்குள் மெஹர்பானு அவர் முழங்கையைப் பிடித்தார்.

“இருக்குன்னு சொல்லு தம்பி.”

அடுத்த வாரம் சைபர் மைக்ரான் ரோல்கள் வந்து இறங்கின. நடுவில் இருக்கும் அட்டைக் குழாய் மட்டும், பெட்டியோடு. அன்பழகன் குழாயை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முட்டாள் அல்ல. பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது; முகம் வெளுத்ததை மெஹர்பானு கவனித்தார். ஆனால் கோப்பில் இணை இயக்குநரின் பச்சை மை இருந்தது. தாள் இல்லை என்று சொன்னால், இல்லாத ஒன்றுக்கு அந்த அதிகாரி ஒப்புதல் தந்ததாக ஆகும். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும் ஒருவர் அந்த வாக்கியத்தை எப்படித் தொடங்குவார்?

சோதனைகள் முறைப்படி நடந்தன. இழுத்துப் பார்த்தார்கள், கிழியவில்லை. புளிசாதத்தோடு ஓர் இரவு வைத்தார்கள், ஓட்டை விழவில்லை. விசிறியை முழு வேகத்தில் வைத்தார்கள், பறக்கவில்லை. உலோகப் பல் கண்காணிப்பாளர் துணிந்து இரண்டு பொட்டலம் சாப்பிட்டு, ஷாக் இல்லை என்று சான்று கொடுத்தார். குப்பாயி வழக்கம்போல இலையில் கட்டி, மேலே கையால் ஒருமுறை தடவிவிட்டாள். மூன்றாம் புகார் வரவேயில்லை. மெஹர்பானுவின் ஒப்பந்தம் ஓராண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது. அன்பழகனுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. அதை அவர் வீட்டில் மாட்டவில்லை என்று கேள்வி.

விஷயம் அதோடு நின்றிருக்கலாம். ஆனால் அலுவலகத்துக்கு வந்துபோகிறவர்கள் பொட்டலத்தைப் பார்த்தார்கள். அரசே சோதித்த தாள் என்றார்கள். கொண்டப்பநாயக்கன்பட்டியில் மலை ஏறுகிறவர்களுக்குப் பொட்டலம் விற்கும் கடைகளில் ‘இங்கு சைபர் மைக்ரான் மட்டும்’ என்று பலகை தொங்கியது. கல்யாண மண்டபங்கள் அதைத் தனியாக எழுதிக் கட்டணம் வாங்கின. சாதாரண சில்வர் பேப்பரில் சாப்பாடு கட்டிய ஒரு வீட்டில், மாப்பிள்ளை வீட்டார் பந்தியைவிட்டு எழுந்ததாகச் சொன்னார்கள். ஒரு பெரியவர் மட்டும், இது வெறும் வாழையிலைதானே என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

எங்கள் வீட்டு விசேஷத்துக்கும் சைபர்தான் சொன்னோம். முந்நூற்று நாற்பது பொட்டலம். எண்ணி வாங்கினேன். ஒன்றுகூடக் கிழியவில்லை.

இப்போது மெஹர்பானுவின் ஓராண்டு முடிகிறது. புது டெண்டர் விட்டிருக்கிறார்கள். போட்டிக்கு ஆத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் வந்திருக்கிறார். அவர் விண்ணப்பத்தில், தாம் மைனஸ் இரண்டு மைக்ரான் பயன்படுத்துவதாகக் குறிப்பிட்டிருக்கிறார். குழு அதைச் சாதகமாகப் பரிசீலித்து வருகிறது. செய்தி பரவியதும், சைபரில் விசேஷம் நடத்திய எங்களுக்கெல்லாம் வெளியில் தலைகாட்டக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நேற்றுக் காலை மெஹர்பானு ஷாஹுல் கடைக்குப் போயிருக்கிறார். குரலைத் தாழ்த்தி, “மைனஸ் மூணு கிடைக்குமா தம்பி?” என்றாராம்.

ஷாஹுல் யோசிக்கவில்லை.

“எத்தனை ரோல் போடட்டுமுங்க அக்கா?”