நீலக் கோட்டும் கறுப்புக் கோட்டும்

கடைசி நிமிஷத்தில் எதிரணிக்காரன் ஒரு கோல் போட்டுத் தொலைத்தான். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று டிராவில் முடிந்தது. வர்ணனையாளர் அவசரமாகப் போனை எடுத்தார்.

எடுக்காமல் என்ன செய்வார்? விளம்பரம் முடிந்ததும் 'நேரலை' என்று போட்டு அவருடைய சேனலில் அவர் பேசியாக வேண்டும். மனுஷனோ போட்டி சேனலின் வரவேற்பறையில் வேலை கேட்டு உட்கார்ந்திருந்தார். ஜெயித்தால் ஒன்று, தோற்றால் ஒன்று என்று இரண்டு பேச்சைக் காலையிலேயே பதிவு செய்து எடிட்டர் அம்மாவிடம் கொடுத்துவிட்டு நழுவி வந்திருந்தார். டிரா ஆகும் என்று அவர் கனவா கண்டார்?

போனில் குசுகுசுத்தார். "அம்மா, வெற்றிப் பேச்சையே போட்டுடுங்க. முதல் வரியை மட்டும் வெட்டிடுங்க."

"எதை வெட்டறது? மூச்சுக்கு மூச்சு 'வெற்றி, வெற்றி'ன்னு கத்தியிருக்கீங்க சார்."

"அப்ப அதுல பாதி, தோல்விப் பேச்சுல பாதி. ஒட்டுப் போட்டுடுங்க."

"ஜெயிச்சதுக்கு நீலக் கோட்டு, தோத்ததுக்குக் கறுப்புக் கோட்டு போட்டிருக்கீங்களே சார்!"

துக்கத்துக்குக் கறுப்புதான் எடுப்பு என்று மேதாவித்தனம் பண்ணியதும் இதே ஆள்தான்.

"நடுவுல என் பழைய டிரா பேச்சு ஏதாவது சொருகுங்க. பார்க்கிறவன் குழம்பிடுவான்."

"அதுல உங்களுக்கு முடி இருக்கே சார்."

"இருந்துட்டுப் போகட்டும்மா! மாட்டிக்கிட்டேன்னா என் சோத்துல மண்ணு!"

அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். மேலாளர் அறையில் சுவர் அகலத்துக்கு டிவி. அதில் நம்மாள் நீலக் கோட்டில் "வரலாறு படைத்த நம் சிங்கங்கள்" என்று ஆரம்பித்தார். கண் மூடித் திறப்பதற்குள் தலை நிறைய முடியோடு "சமநிலை" என்றார். உடனே வழுக்கையும் கறுப்புக் கோட்டுமாக "வெட்கமாக இல்லையா?" என்று உறுமினார். மூலையில் 'நேரலை' கூசாமல் மின்னிக்கொண்டிருந்தது.

மேலாளர் டிவியைப் பார்த்தார். எதிரே நின்ற ஆளைப் பார்த்தார்.

இனி எதை மறைக்க? வர்ணனையாளர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "அங்க இனிமே என்னை வாசப்படி மிதிக்க விடமாட்டாங்க சார். நீங்களும் கைவிட்டா நான் நடுத்தெருதான்."

மேலாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எத்தனை வருஷமா உங்க பேச்சைக் கேட்டுக் கொட்டாவி விட்டிருக்கேன்! இன்னைக்குத்தான்யா சுருக்கமா, சுவையா இருந்துச்சு. இப்படி ஒரு திறமையைத்தான் தேடிக்கிட்டிருந்தோம்" என்றார்.

வர்ணனையாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "அப்ப நாளைக்கே வந்து சேர்ந்துடட்டுமா சார்?"

"நீங்க எதுக்கு? அந்த எடிட்டர் அம்மா நம்பரைக் குடுங்க."