எட்டாவது எஸ்யூவி

கார் ஷோரூமில் அவருக்குச் சர்க்கரை என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. பதினோரு வருடமாக அவர் வாடிக்கையாளர்களிடம் பேசுகிற பேச்சைக் கேட்டு, கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது. அந்தச் சர்க்கரை ஒருநாள் சாப்பிட்ட கையைக் கழுவாமலே ஒரு சபதம் செய்தார். உலகத்துக்கே எஸ்யூவி விற்றாலும் விற்பேனே தவிர, என் வீட்டு வாசலில் ஓர் எஸ்யூவி நிற்க விடமாட்டேன்.

சபதத்துக்குக் காரணம் அவர் மனைவி கேட்ட ஒரே கேள்வி.

"ஏங்க, நாமளும் ஒரு எஸ்யூவி வாங்கினா என்ன?"

சர்க்கரை சிரித்தார். விக்கல் வரும்வரை சிரித்தார். தண்ணீர் குடித்துவிட்டு, நாற்பது நிமிடம் பேசினார். எஸ்யூவி வாங்குகிறவர்கள் ஏன் வாங்குகிறார்கள் என்று தன்னைவிடத் தெரிந்தவன் இந்த ஊரில் இல்லை என்று ஆரம்பித்தார். மலை ஏறுவதற்கென்று நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியை ஒருவர் போன மாதம் வாங்கினாராம். அவர் வீட்டுக்கும் ஆபீசுக்கும் இரண்டு தெருதான் தூரம். அந்த மனிதர் வாழ்நாளில் ஏறிய பெரிய மேடு, பள்ளிக்கூடத்து முன்னால் போட்டிருக்கும் வேகத்தடை. இன்னொருவருக்கு வேனைக் காட்டினால், இதில் போனால் பிள்ளைகுட்டிக்காரன் மாதிரி இருக்கும் என்று முகம் சுளித்தாராம். பேசிக்கொண்டிருந்தபோது அவருடைய நான்கு பிள்ளைகளும் ஷோரூம் சோபாவில் குதித்துக்கொண்டிருந்தன. ஸ்டேஷன் வேகனைக் காட்டினால், பிணவண்டி மாதிரி நீளமாக இருக்கிறது என்பார்கள். செடானைக் காட்டினால், பக்கத்து வண்டியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே போகவேண்டுமா என்பார்கள். எல்லாரும் உயரமாக உட்கார ஆசைப்பட்டு எஸ்யூவி வாங்கியதில், இப்போது எல்லாரும் ஒரே உயரம். ஒருத்தருக்கும் எதுவும் தெரிவதில்லை.

"அது வேற ஒண்ணும் இல்லம்மா. செருப்புக்கு ஹீல்ஸ் வச்ச மாதிரி, செடானுக்கு ஹீல்ஸ் வச்சா எஸ்யூவி. நம்ம வேனைப் பாரு. ஏழு பேர் போகலாம். கதவு பக்கவாட்டுல சறுக்கித் திறக்கும். புத்திசாலி வண்டி."

புத்திசாலி வண்டியை ஓட்டுவது மனைவி. சர்க்கரை ஓட்டுவது வெள்ளிநிறச் செடான். அதில் அவர் மட்டும் போவார், அவர் மட்டும் வருவார். விற்பனைத் தொழிலில் இருப்பவனுக்கு வாசலில் வந்து இறங்கும்போது ஒரு மரியாதை வேண்டும் என்பது அவர் கட்சி.

மனைவி தட்டுகளை எடுக்க ஆரம்பித்தாள். அவள் கண் மருத்துவமனையில் பார்வை சோதிப்பவள். நாளெல்லாம் ஆட்களை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடி வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்பது வேலை. எதிரில் இருப்பவர் தன் வாயால் சரியான பதிலைச் சொல்லும்வரை காத்திருக்கும் பொறுமை அவளுக்குத் தொழில்வழி வந்தது. அன்றைக்கும் அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டு போய்விட்டாள். சர்க்கரை, பேசி ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக் கொண்டார்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து ஷோரூமுக்குப் புது மேனேஜர் வந்தார். ஒல்லியான மனிதர். சிரிப்பதற்கும் படிவம் நிரப்ப வேண்டும் என்பது போன்ற முகம். வந்த வாரமே ஓர் உத்தரவு போட்டார். மாதத்துக்கு ஆளுக்கு எட்டு எஸ்யூவி விற்க வேண்டும். விற்காதவர் அடுத்த மாதத்திலிருந்து உதிரிபாகக் கிடங்குக்குப் போகலாம்.

அந்தக் கிடங்கு ஷோரூமுக்குப் பின்னால் இருந்தது. ஏசி கிடையாது. வாடிக்கையாளர் வரமாட்டார்கள். பேச்சுத்துணைக்கு நட்டும் போல்ட்டும்தான். பேசாமல் இருந்தால் சர்க்கரைக்குத் தலைவலி வரும். அவர் அந்த மாதம் உயிரைக் கொடுத்துப் பேசினார். ஏழு விற்றார். எட்டு மட்டும் எட்டவில்லை.

மாதத்தின் கடைசி நாள். மதியம் மூன்று மணிவரை ஒரே ஒருவர்தான் உள்ளே வந்தார். அவரும் கழிப்பறை எங்கே என்றுதான் கேட்டார். மேனேஜர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சர்க்கரையின் மேசையருகிலேயே நின்றிருந்தார். அப்போது கண்ணாடிக் கதவு திறந்தது. உள்ளே வந்தவள் சர்க்கரையின் மனைவி.

நேராக அவர் முன்னால் வந்து நின்றாள்.

"வணக்கம் சார். ஒரு எஸ்யூவி பார்க்கணும்."

சர்க்கரைக்கு ஒரு நொடி நெஞ்சு நின்றது. மறுநொடி நெகிழ்ந்தது. காலையில் காபி குடிக்கும்போது கிடங்கைப் பற்றி அவளிடம் புலம்பியிருந்தார். மேனேஜர் கண்முன்னால் தன்னிடம் ஒரு வாடிக்கையாளர் வந்ததாகக் காட்ட, மருத்துவமனையில் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அரைமணி பேசுவாள், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று போய்விடுவாள். முயற்சியாவது செய்தான் என்று மேனேஜர் மனம் இரங்குவார். இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்குக் கிடைப்பாள். அவர் கண் கலங்கியதை மேனேஜர் தூசி என்று நினைத்துக்கொண்டார்.

"வாங்க மேடம், உட்காருங்க மேடம்" என்றார் சர்க்கரை. கல்யாணமாகிப் பதினாலு வருடத்தில் அவளை 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை.

நீலநிற எஸ்யூவி ஒன்றை அவளுக்குக் காட்டினார். அவள் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு, மேனேஜருக்கும் கேட்கும்படி, மெதுவாக ஆரம்பித்தாள்.

"என் வீட்டுக்காரர் இதை வாங்கக்கூடாதுன்னு சொல்றார் சார். செடானுக்கு ஹீல்ஸ் வச்சா எஸ்யூவியாம்."

மேனேஜரின் புருவம் உயர்ந்தது. நடிப்பென்றாலும் இவ்வளவு தத்ரூபமாக இருக்கவேண்டாம் என்று சர்க்கரைக்குத் தோன்றியது. ஆனால் தொழில் என்று வந்துவிட்டால் அவர் நாக்கு அவரைக் கேட்காது.

"உங்க வீட்டுக்காரருக்கு வண்டியைப் பத்தி அவ்வளவா தெரியாது போலிருக்கு மேடம்."

"அப்படித்தான் எனக்கும் ஒரு சந்தேகம்" என்றாள் அவள்.

வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று மேனேஜர் மரியாதைக்குக் கேட்டார். பேசுகிற வேலை என்றாள்.

அதன்பிறகு நடந்தது சர்க்கரைக்கும் சர்க்கரைக்கும் சண்டை. மூன்று மாதத்துக்கு முன்னால் அவர் சாப்பாட்டு மேசையில் சொன்ன ஒவ்வொன்றையும் அவள் எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றையும் அவரே அடித்து நொறுக்கினார். மலையே ஏறாதவருக்கு இது எதற்கு என்றாள். மழை பெய்தால் நம் தெருவில் தேங்குகிற தண்ணீர் மலையைவிட மோசம் என்றார். நம் தெரு என்று வாய்தவறி வந்ததை இருமி மறைத்தார். உயரம் வெறும் ஜம்பம்தானே என்றாள். செடானில் குனிந்து ஏறி நிமிர்ந்து இறங்கி முதுகு பிடித்துக்கொண்டவர்களைக் கேட்டுப்பாருங்கள், ஜம்பமா சௌகரியமா என்று சொல்வார்கள் என்றார். பேசப்பேச அவருக்கே எஸ்யூவி வாங்கவேண்டும் போலிருந்தது.

கடைசியாக அவள் கேட்டாள்.

"எங்க வேன்ல ஏழு பேர் போகலாம். இதுல அஞ்சு பேர்தான். காசைக் கொடுத்து இடத்தைக் குறைச்சுக்கணுமா சார்?"

மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். சர்க்கரை வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"ஏழு பேர் போகலாம்னா, ஏழு பேர் வருவாங்க மேடம்."

அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"ஆறு வருஷமா இதை யாராவது சொல்வாங்களான்னு பார்த்துட்டிருந்தேன்" என்றாள். அந்தக் குரலில் நடிப்பு இல்லை.

சர்க்கரைக்கு அப்போதுதான் வேன் வாங்கிய அந்த ஆறு வருடம் கண்முன் ஓடியது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் மூன்றுபேரைப் பள்ளியில் விடவேண்டுமா, வேனில் இடமிருக்கிறது. தங்கை வீடு மாறுகிறாளா, ஃபிரிட்ஜை வேனில் ஏற்றலாம். அவருடைய சிநேகிதர் மத்தளமும் ஆர்மோனியமுமாகக் கச்சேரிக்குப் போகவேண்டுமா, சீட்டை மடக்கினால் ஆயிற்று. "அவளுக்கென்ன கஷ்டம், வேன்லதான் இடமிருக்கே" என்று ஒவ்வொரு தடவையும் தாராளமாகச் சொன்னவர் சர்க்கரை. ஓட்டியவள் அவள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும்.

அதற்குள் அவள் வண்டியிலிருந்து இறங்கிவிட்டாள்.

"எடுத்துக்கறேன் சார். எங்க கையெழுத்துப் போடணும்?"

வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வரலாமே மேடம் என்று சர்க்கரை தடுமாறினார். மேனேஜர் அவரை முறைத்த முறைப்பில் பின்னாலிருந்த கிடங்கு முழுவதும் தெரிந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், ஒரு மணிநேரமாகச் சொந்தப் பெண்டாட்டியை மேடம் மேடம் என்று கூப்பிட்டு மேனேஜரை ஏமாற்றியதாக ஆகிவிடும். சொல்லாமல் இருந்தால் எஸ்யூவி வீட்டுக்கு வந்துவிடும். சர்க்கரை பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

மாதக்கடைசி சலுகை ஒன்று இருக்கிறது, பழைய வண்டியைக் கொடுத்தால் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வோம் என்றார் மேனேஜர். சர்க்கரைக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. வேன் தொலையும்.

"ஒரு செடான் இருக்கு சார்" என்றாள் அவள். "வீட்டுக்காரர் ஓட்டுறதுதான். பதிவு என் பேர்ல. உங்க வாசல்லயே நிக்குது."

அவள் சொன்னது பொய்யில்லை. மருத்துவமனை ஊழியர்களுக்குக் கடனுக்கு வட்டி குறைவு என்பதால் சர்க்கரையே கட்டாயப்படுத்தி அவள் பெயரில் வாங்கிய வண்டி. அவள் கைப்பையைத் திறந்து பதிவுப் புத்தகத்தையும் இன்னொரு சாவியையும் மேசைமேல் வைத்தாள்.

வண்டியைப் பார்த்து மதிப்புப் போட்டு வரச்சொல்லி மேனேஜர் சர்க்கரையையே அனுப்பினார். அவர் தன் செடானை இரண்டு சுற்றுச் சுற்றினார். சக்கரத்தைத் தடவினார். உள்ளே டிராயரைத் திறந்து தன் சீப்பை எடுத்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். திரும்பிவந்து, வண்டி பூப்போல இருக்கிறது, இந்த மாதிரி வண்டி கோடியில் ஒன்று என்றார். விற்கும்போது பேசுகிற மாதிரி வாங்கும்போதும் பேசாதீர்கள், குறை இருந்தால் சொல்லுங்கள் என்று மேனேஜர் கடிந்துகொண்டார். பின்கதவில் ஒரு கீறல் இருக்கிறது என்றார் சர்க்கரை, தழுதழுத்த குரலில். மேனேஜர் குறித்துக்கொண்டார்.

எட்டாவது எஸ்யூவி விற்றாயிற்று. கூட வேலை பார்த்தவர்கள் கைதட்டினார்கள். சாயங்காலம் சர்க்கரை வெளியே வந்தபோது, ஷோரூமைத் தாண்டித் தெருமுனையில் வேன் நின்றுகொண்டிருந்தது. மனைவி ஓட்டுநர் இருக்கையைக் காலி செய்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வேனை எடுத்தவர், முதல் சிக்னல்வரை பேசவில்லை. அவருக்குத் தலைவலி வந்துவிட்டது.

"சும்மா நடிக்கத்தானே வந்தே?" என்றார்.

"நான் எங்க நடிச்சேன்? வணக்கம் சார்னேன். வண்டி பார்க்கணும்னேன். வாங்கினேன். மேடம் மேடம்னு நடிச்சது நீங்கதான்."

வாங்கத்தான் வேண்டுமென்றால் வீட்டிலேயே இன்னொருமுறை கேட்டிருக்கலாமே என்றார். வீட்டில் கேட்டபோது விக்கல்தானே வந்தது என்றாள். ஷோரூமில் அவர் எல்லாரிடமும் நன்றாகப் பேசுவார், எல்லாரும் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பார் என்று பதினோரு வருடமாகக் கேள்விப்பட்டிருக்கிறாள். ஒருநாள் தானும் வாடிக்கையாளராக இருந்து பார்க்கலாம் என்று தோன்றியதாம்.

சர்க்கரைக்குச் சுருக்கென்றது. பச்சை விளக்கு விழுந்தும் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். இதற்குமேல் அவளை எதிர்த்துப் பேசக்கூடாது என்று அவருக்கே தோன்றிவிட்டது. அப்போ இந்த வேனை யார் ஓட்டுவது என்று மட்டும் கேட்டார். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. ஸ்டியரிங் அவர் கையில் இருந்தது.

"புத்திசாலி வண்டி" என்றாள் மனைவி. "உங்களுக்குப் பொருத்தமா இருக்கும்."

நீல எஸ்யூவி அடுத்த வாரம் வந்தது. அவள் அதில் மருத்துவமனைக்குத் தனியாகப் போனாள், தனியாக வந்தாள். சர்க்கரை காலையில் எதிர்வீட்டுப் பிள்ளைகள் மூன்றுபேரையும் தன் மகளையும் பள்ளியில் இறக்கிவிட்டு, சட்டையில் ஒட்டிய பிஸ்கட் தூளைத் தட்டிக்கொண்டே ஷோரூமுக்குப் போனார். வேனை இரண்டு தெரு தள்ளி நிறுத்தினார். இரண்டு ஞாயிறு மத்தளத்தையும் சுமந்தார். மூன்றாவது ஞாயிறாவது கால்நீட்டிப் படுக்கலாம் என்று சனிக்கிழமை மாலை அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மேனேஜரிடமிருந்து போன் வந்தது.

மேனேஜர் முதல்முறையாகச் சிரித்தார். அந்த அம்மாவின் விண்ணப்பத்தில் கணவர் பெயர் என்ற இடத்தைத் தான் அன்றைக்கே படித்துவிட்டதாகச் சொன்னார். சொந்தப் பெண்டாட்டிக்கே விற்கிற ஆளைக் கிடங்குக்கு அனுப்ப யாருக்காவது மனம் வருமா என்றார். சர்க்கரை நெளிந்துகொண்டே நன்றி சொன்னார்.

"அதுல ஒரு சின்ன உதவி" என்றார் மேனேஜர். "நாளைக்குக் குடும்பத்தோட வெளியூர் போறோம். ஏழு பேர். நம்ம எஸ்யூவியில இடம் பத்தல. உங்ககிட்ட வேன் இருக்குன்னு மேடம்தான் சொன்னாங்க. காலையில அஞ்சு மணிக்கு வந்துடுங்க."