இலைக்கிள்ளியாரின் கட்டைவிரல்

நாலாவது முறையாகக் கட்டைவிரலை அழுத்தினார் இலைக்கிள்ளியார். வருகைப்பதிவு இயந்திரம் நாலாவது முறையாகவும் "ஆள் இல்லை" என்றது.

"ஆள் இல்லையா? அப்ப இங்க நிக்கறது யாரு?"

"மெஷின் சொல்றதுதான் கணக்கு சார்," என்றார் எழுத்தர், தலை நிமிராமல். "ஒரு வாரம் இப்படியே போச்சுன்னா வேலை காலி."

பதினோரு வருட வேலை! கண்ணாடிக்கூடத்தில் இருக்கும் நூறு வெள்ளரிச் செடிகளிலும் தினம் செடிக்கொரு இலை கிள்ளி ஆய்வகத்துக்குக் கொடுக்க வேண்டும். கத்தரிக்கோலைத் தேடச் சோம்பல்பட்டு எல்லாவற்றையும் நகத்தாலேயே முடித்துவிடுவார். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரேகை ஒன்றுகூட இல்லை, மொழுமொழுவென்றிருந்தது. நகம் வெட்டியும் ஒரு மாதமாகிறது, துளிகூட வளரவில்லை.

"இடது கை விரலைப் பதிஞ்சிடுங்களேன்," என்று கெஞ்சினார்.

பதிந்தார்கள். வலது கைக்கு ஓய்வு கொடுத்து, இலையையும் இடது கையாலேயே கிள்ளினார். மூன்றாம் நாள் அதுவும் வழித்துவிட்டாற்போல் ஆனது.

"கடைசியா முகத்தைப் பதியறேன். இதுவும் போச்சுன்னா நான் பொறுப்பில்ல," என்றார் எழுத்தர்.

கைகள் இரண்டையும் சட்டைப்பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு, அன்று இலைகளைப் பல்லால் கடித்தெடுத்தார். மறுநாள் காலை மீசையும் புருவமும் உதிர்ந்திருந்தன. "ஆள் இல்லை" என்றது இயந்திரம்.

சிபாரிசுக்காக விஞ்ஞானி அம்மாவைத் தேடிக் கண்ணாடிக்கூடத்துக்குள் ஓடினார். அந்த அம்மாவோ வேறு கவலையில் இருந்தார்.

"ஒண்ணும் புரியல. நோய் தாக்கினா, செடி தன்னோட சிறு ஆர்.என்.ஏ.வை அந்த நோய்க்கிருமிக்குள்ளயே அனுப்பும். அது உள்ள போய், வளர்றதுக்கான மரபணுவை முடக்கிடும். இந்தச் செடிங்க லட்சக்கணக்குல அனுப்புது. ஆனா ஆராய்ச்சிக்காக நாம இதுல விட்ட பூஞ்சை மட்டும் கொழுகொழுன்னு இருக்கே! அப்ப யாருக்குத்தான் அனுப்புது?"

உள்ளே காற்றே இல்லை. ஆனாலும் இலைக்கிள்ளியார் நின்ற பக்கத்து இலைகள் மட்டும் மெல்லப் பின்வாங்கின. அவருக்கு மயிர்க்கூச்செறிய வேண்டிய நேரம். கையில்தான் மயிர் இல்லை.

தண்ணீர் ஊற்றும் பெண் குழாயை மூடிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பூஞ்சை பாவம், அது பாட்டுக்கு ஒரு ஓரமா ஒட்டிட்டிருக்கும்மா. தினம் வந்து பிச்சுப் பிடுங்கறது இவருதானே? செடியைப் பொறுத்தவரைக்கும் நோயே இவருதான்."