முகம் பார்த்து வீடு தரும் ஞானி

முக்காலமும் உணர்ந்த ஞானி ஒன்று தில்லி முனிர்காவுக்கு எழுந்தருளியது. தாடி இல்லை, காவி இல்லை. ஒரு திரை, ஒரு கேமரா, தாள் செருக ஒரு வாய். திருநாமம் சத்யதர்ஷி. குலம், செயற்கை நுண்ணறிவு!

கேம்ப் எனப்படும் பக்கத்துத் தமிழர் குடிசைப் பகுதியைத் திங்களன்று இடிக்க நாள் குறித்தாயிற்று. நெடுநாள் குடியிருந்தோருக்கு மாற்று வீடு உண்டு. யார் அவர் என்று மனிதர்கள் தேர்ந்தெடுத்தால் லஞ்சம் புகுந்துவிடுமாம். ஆகவே அதிகாரிகள் கண்ணை மூடிக்கொண்டார்கள். இயந்திரம் கண்ணைத் திறந்தது.

எட்டு மணிக்குத் திறக்கும் ஞானியின் கூடத்தின் முன் மூன்று வாரமாக ஆறு மணிக்கே வரிசை. திரைக்குக் குங்குமம், கேமராவுக்கு எலுமிச்சை மாலை! முன்னால் நின்றவர்களுக்கு வீடு கிடைப்பதையும் பின்னால் நின்றவர்களுக்குக் கிடைக்காததையும் எல்லோரும் கண்டார்கள். கண்டு என்ன முடிவுக்கு வந்தார்கள்? காலையில் ஞானி சாந்தமாம். வெயில் ஏறினால் உக்கிரமாம். இயந்திரக் கம்பெனியின் ஆள் ஜெயந்த், தில்லியில் பிறந்த தமிழன், அந்த உக்கிரத்துக்கும் பரிகாரம் வைத்திருந்தான். கட்டணம் கட்டினால் ‘முகசுத்தி’ப் புகைப்படம் எடுத்துத் தருவான்.

சரோஜினி நகர் வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் வேலம்மாள் இருபத்தெட்டு ஆண்டுகளாக அந்தக் குடிசைகளில் ஒன்றில் குடியிருப்பவள். வேலை முடித்து வருவதற்குள் வரிசை நீண்டுவிடும். இரண்டு முறை நின்றாள். இரண்டு முறையும் ‘தகுதி இல்லை’. முகசுத்தியும் செய்து பார்த்தாள்.

“ஆன்ட்டி, உங்க டேட்டா சாஃப் இல்ல, அழுக்கா இருக்கு. மெஷின் பொய் சொல்லாது,” என்றான் ஜெயந்த்.

கூடத்தை மேற்பார்வையிட்ட பிரிவு அதிகாரி கல்யாணராமனிடம் அழுதாள். அவரோ சுவரில் தங்க முத்திரையுடன் தொங்கிய தரச்சான்றிதழைக் காட்டி, இதற்கு மேல் தம்மால் ஆவதில்லை என்று கைகழுவினார்.

அடுத்த குடிசையின் கோவிந்தம்மாள் சித்தாள். செங்கல் எண்ணிப் பழகியவள் தலைகளையும் எண்ணினாள். மூன்று நாள் எண்ணினாள்; மூன்று நாளும் முதல் பன்னிரண்டு பேருக்கு மட்டுமே அருள்!

வெள்ளிக்கிழமை முதல் ஆளாகப் போய் நின்றாள். எலுமிச்சை மாலையை இழுத்துக் கேமராவை மூடினாள். மனுவுக்குப் பதில் சரோஜினி நகர்த் துணிக்கடையின் தள்ளுபடி விளம்பரத்தைச் செருகினாள். ஞானி கணீரென்று அருளியது: ‘தகுதி உண்டு. இரண்டாம் மாடி. வாழ்த்துகள்.’

பதின்மூன்றாவதாக வேலம்மாள். ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, அத்தனையும் செருகினாள். ‘தகுதி இல்லை.’

கோவிந்தம்மாள் ஜெயந்திடம் கேட்டாள்: “துணிக்கடை நம்ம கேம்ப்ல எத்தினி வருசமா குடியிருக்கு, தம்பி?”

ஜெயந்த் அதிகாரியின் பக்கம் திரும்பி முணுமுணுத்தான்: “சார், ஒரு நாளைக்குப் பன்னெண்டு ஃப்ளாட்தான் ரெடி. முதல் பன்னெண்டு பேருக்குக் குடுத்துட்டா போதும், பேப்பரை மெஷின் எதுக்குப் படிக்கணும்? நாங்க ஸ்டாண்டர்ட் படிதான் சார் நடக்கிறோம்.”

“ஐயா, அந்த முத்திரைக்குக் கீழ என்னதான் எழுதியிருக்கு? வாசிங்களேன்,” என்றாள் கோவிந்தம்மாள்.

முப்பதாண்டுகள் கோப்புகளில் காற்புள்ளி தேடிய கல்யாணராமன் அன்றுதான் அதைப் படித்தார். தரத்தை வகுத்தது ஜெயந்தின் கம்பெனி. சோதித்தது அதே கம்பெனி. சான்றளித்தது அதே கம்பெனி! தன்னார்வத் தரநிலையாம். சட்டம் கட்டாயப்படுத்தினால் புதுமை கருகிவிடுமாம். கத்திரிக்காய் நிறுக்கும் தராசுக்கு அரசு முத்திரை கட்டாயம். ஆட்டோ மீட்டருக்குச் சோதனை கட்டாயம். குடியிருக்கும் கூரையைப் பறிக்கும் இயந்திரத்துக்கு மட்டும் விருப்பமிருந்தால் போதும்!

அதிகாரி சான்றிதழைக் கழற்றினார். எல்லா மனுக்களையும் மனிதர் படித்து முடிக்கும்வரை இடிப்பை நிறுத்திவைக்க உத்தரவு எழுதினார். முதலில் வேலம்மாளின் தாள்களைத் தாமே படித்தார். நான்கு நிமிடம் ஆயிற்று. தகுதி உண்டு.

உடனே கூட்டம் அவர் காலில் விழப் போயிற்று!

எழுந்து நில்லுங்கள், தோழர்களே! நான்கு நிமிட வேலையை மூன்று வாரம் செய்யாதவருக்கா கும்பிடு? ஆளும் இயந்திரங்களை அரசே சோதிக்கக் கட்டாயச் சட்டம் கேளுங்கள். கேள்வி கேட்காத முகத்தைக் கண்டால் எந்த இயந்திரமும் தகுதி இல்லை என்றுதான் சொல்லும்; எந்த அதிகாரியும் அதைத்தான் சொல்வார்.