சாய்த்து வைத்த அலமாரி

இனிமேல் மகளின் குரல் இந்த வீட்டுக்குள் ஒரு சொட்டுக்கூட விழக்கூடாது என்று டவர்க்காரர் முடிவு கட்டினார்.

மகள் செய்தது லேசான காரியமா? அப்பா டவர் ஏறிய அதே செல்போன் கம்பெனியில் இன்ஜினியராகச் சேர்ந்தாள். அப்பாவுக்கு உச்சியில் தலை சுற்றுகிறது என்று அவளே மேலதிகாரியிடம் சொன்னாள். உடனே டவர் ஏறும்போது அவர் கட்டும் இடுப்பு பெல்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாதி வானத்தில் வாழ்ந்த மனிதரைக் கூடத்து நாற்காலியில் இறக்கி உட்கார வைத்துவிட்டாள். பிறகு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனாள். அவர் அவளிடம் பேச்சை விட்டார். கோபத்தை விடவில்லை. தினமும் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தார்.

மாலையானால் மனைவி ஃபோனோடு படுக்கையறை மூலைக்குப் போய்விடுவாள். வீட்டில் சிக்னல் கிடைப்பது அங்கே மட்டும்தான். ஜன்னலுக்கு வெளியே டவர். அலை நேராக உள்ளே வந்து அந்த மூலையில் விழும்.

அலை இரும்பைத் தாண்டாது. இது அவருக்கு அத்துப்படி. ஆகவே இரும்பு அலமாரியை ஜன்னலுக்கும் மூலைக்கும் நடுவில் நிறுத்தப் புறப்பட்டார்.

"இடுப்பு வலின்னு தண்ணி வாளியைத் தொடமாட்டீங்க. இப்ப அலமாரியைத் தள்றீங்க?"

"ரூமுக்கு அழகா இருக்கும்."

"எது, அலமாரியா, நீங்களா?"

"நகரு."

"சரி, நேராவாவது வைங்க. சாய்ச்சு மட்டும் வச்சீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும்."

மனைவி வேண்டாம் என்றதை அவர் செய்யாமல் விட்டதாகச் சரித்திரமே இல்லை. சாய்த்தே வைத்தார்.

அன்று மாலை மூலையிலிருந்து "ஹலோ, ஹலோ" மட்டும்தான் கேட்டது. டவர்க்காரர் பேப்பரைப் பிரித்து அதற்குள் சிரித்தார். மனைவி ஃபோனை விளக்கு மாதிரி தூக்கிப் பிடித்தபடி வெளியே வந்தாள். கூடத்தைச் சுற்றினாள். அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அதிசயமா இருக்குங்க. இங்க சிக்னல் கோடு எல்லாமே நிக்குது!"

அவர் பேப்பரைக் கீழே இறக்கினார். இரும்பில் பட்ட அலை செத்துவிடாது. சுவரில் அடித்த பந்து மாதிரி எகிறும். சாய்ந்த அலமாரியில் பட்டு, கதவு வழியாக வந்து, நேராக அவர் மடியில் விழுந்துகொண்டிருந்தது.

"வேற எங்கயாவது போய்ப் பேசு."

"நீங்க வேணா எழுந்து போங்க."

"இது என் நாற்காலி!"

"நாற்காலி உங்களது. காத்து பொது."

அவர் எழவில்லை. எழுந்தால் தோற்றதாகிவிடும். அன்றிலிருந்து மனைவி ஃபோனை ஸ்பீக்கரில் போட, மகளின் குரல் விட்டு விட்டு அவர் காதருகே வந்துகொண்டிருந்தது. பேப்பர் அலையைத் தடுக்காது என்று தெரிந்தும் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டார். வந்த இருமலைக்கூட விழுங்கப் பார்த்தார்.

ஒரு நாள் மகளின் குரலுக்குப் பின்னால் பஸ் சத்தம்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கேம்மா. நாளைக்கு ஆபரேஷன். தொண்டையில இருக்கிற கட்டியை எடுத்தா குரல் மிஞ்சுமான்னு உறுதியாச் சொல்ல முடியாதாம். அப்பா பக்கத்துல இருக்காரா? இருமல் கேக்குது."

"இருக்காரு. பேப்பர் படிக்கிறாரு. தலைகீழா."

"சின்ன வயசுல சொல்லிக்கொடுத்தாரேம்மா, டவர் ஏறும்போது ரெண்டு கொக்கி வேணும், மேல ஒண்ணை மாட்டிட்டுத்தான் கீழ இருக்கறதைக் கழட்டணும்னு. ஓடற பஸ்ல ஃபோனும் அப்படித்தான், அடுத்த டவர் பிடிச்சாத்தான் இந்த டவர் விடும்னு. நான் அவரோட கொக்கியைக் கழட்டிட்டேன். மாட்டிக்க இன்னொண்ணு கொடுக்..."

குரல் அறுந்தது. "ப்பா... நா..." என்று துண்டு துண்டாக விழுந்தது.

டவர்க்காரர் பேப்பரை வீசிவிட்டு உள்ளே ஓடினார். அலமாரிக்கு இடுப்பைக் கொடுத்துக் குனிந்தவர் அப்போதுதான் பார்த்தார். தரையில் சாக்பீஸ் கோடு. அலமாரியைப் போலவே சாய்ந்த கோடு. அலமாரியின் கால் அதற்கு ஒரு விரல் தள்ளி நின்றது. யோசிக்க நேரமில்லை. கோட்டின் மேல் தள்ளினார்.

"அம்மா, கேக்குதா?" கூடத்திலிருந்து குரல் தண்ணீர் மாதிரித் தெளிவாக வந்தது.

"கேக்குது," என்று அறையிலிருந்தே கத்தினார். "கேக்குதுடா கண்ணு. நிறுத்தாத. பேசிக்கிட்டே இரு."

அந்தப் பக்கத்திலிருந்து அழுகைதான் வந்தது. ஓர் இடத்திலும் அறுபடாமல் முழுசாக வந்தது.

கூடத்துக்கு ஓடி வந்தவர் கையில் மனைவி ஃபோனை வைத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளே போய், அலமாரிக்கு வெளியே தெரிந்த கோட்டைக் காலால் அழித்தாள்.

"நீங்க அலமாரி மேல கண்ணு வச்சப்பவே, எவர்சில்வர் தட்டைச் சாய்ச்சுப் பிடிச்சு, சிக்னல் உங்க நாற்காலிக்கு எகிறுதான்னு பார்த்துப் பார்த்துப் போட்ட கோடுங்க. ஒரு விரல் தள்ளி வச்சுட்டீங்க, அதுக்குத்தான் இத்தனை நாள் ஆயிடுச்சு."